கவார்த்தா ஏரிகளில் கோடைத் தொடக்கத் தூண்டில்: கரையில் நின்று பிடிப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போர்ட் ஹோப் வரை போய், அங்கே 28-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் சற்று நேரத்தில் பியூட்லி என்ற சின்ன ஊர் வரும். ரைஸ் ஏரியின் மேற்கு முனை அது. ஸ்காபரோவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம். ஜூன் நடுப்பகுதியில் ஒருநாள் விடியற்காலையில் அங்கே போய்க் கரையில் நில்லுங்கள். பத்தடி தூரத்தில் மீன் நிற்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். வள்ளம் வேண்டாம், விலைகூடிய கருவி வேண்டாம். வருடத்தில் இந்த நான்கைந்து வாரம்தான் ஏரி கரைக்காரனுக்குச் சொந்தம். அதனால்தான் இந்தக் காலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஏன் இப்போது?

கவார்த்தா ஏரிகள் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் கோர்த்த மணிகள். ட்ரென்டனிலிருந்து போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீற்றர் போகும் அந்த வழியில் ரைஸ், ஸ்டோனி, பக்ஹோர்ன், பிஜன், செமோங், ஸ்டர்ஜன், பால்சம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் வருகின்றன. ரைஸ் ஏரியின் பெயர் இங்கே விளைந்த காட்டரிசியால் வந்தது. அனிஷினாபே மக்கள் அதை மனோமின் என்பார்கள். அணைகள் வந்து நீர்மட்டம் உயர்ந்த பிறகு அந்த அரிசி பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஆழம் குறைந்த, செடி நிறைந்த ஏரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வடகரையில் ஹையவாத்தா முதற்குடியினர் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஒப்பந்த உரிமை உண்டு. நமக்குத் தடையான காலத்தில் அவர்கள் மீன் பிடிப்பதைக் கண்டால் அது அவர்களுடைய சட்டபூர்வமான உரிமை என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் பனி உருகியதும் ஆழமில்லாத இடம்தான் முதலில் சூடேறும். புழு, பூச்சி, சிறுமீன் எல்லாம் அங்கே கூடும். முட்டையிட வேண்டிய பெரிய மீன்களும் அங்கேதான் வரும். ஜூலை கடைசியில் கரைத்தண்ணீர் நன்றாகச் சூடாகிவிட்டால் பெரிய மீன் செடிக்காட்டுக்குள்ளும் ஆழத்துக்கும் போய்விடும். பிறகு வள்ளம் இல்லாமல் அதை எட்டுவது கடினம். அதற்கு முன் பிடிப்பவருக்குத்தான் இந்த வழிகாட்டி.

முதலில் லைசன்ஸ்

18 முதல் 64 வயது வரையுள்ள ஒன்ராறியோ வாசிகளுக்கு இரண்டு வேண்டும்: மூன்று வருடம் செல்லுபடியாகும் அவுட்டோர்ஸ் கார்ட், அதோடு மீன்பிடி லைசன்ஸ். லைசன்ஸில் இரண்டு வகை உண்டு. ஸ்போர்ட் வகையில் கூடுதலான மீன் வைத்துக்கொள்ளலாம், கொன்சர்வேஷன் வகையில் குறைவு. வீட்டில் நான்கு பேர் சாப்பிட ஒருநேரக் கறிக்குத்தான் மீன் வேண்டுமென்றால் குறைந்த விலையுள்ள கொன்சர்வேஷனே போதும். நான் அதைத்தான் எடுக்கிறேன்.

18-க்குக் கீழுள்ளவர்களுக்கும், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் லைசன்ஸ் தேவையில்லை, வயதைக் காட்டும் அடையாள அட்டை போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விலக்கு கனடாவில் வதிபவர்களுக்கு மட்டும். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பாவின் கையில் ஆசையோடு தூண்டிலைக் கொடுக்கிறோம், அவருக்கு 70 வயது என்பதால் பரவாயில்லை என்று நினைக்கிறோம். அவர் சுற்றுலாவாக வந்தவர் என்றால் வெளிநாட்டவருக்கான லைசன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். இணையத்தில் சில நிமிட வேலைதான்.

ஜூனில் தந்தையர் தின வார இறுதியிலும், ஜூலைத் தொடக்கத்தில் வரும் குடும்ப மீன்பிடி வாரத்திலும் கனடாவில் வதிபவர்கள் லைசன்ஸ் இல்லாமலே பிடிக்கலாம். அப்போது கொன்சர்வேஷன் வகையின் எண்ணிக்கைதான் பொருந்தும். பழகிப் பார்க்க நல்ல சந்தர்ப்பம் அது.

கவார்த்தா ஏரிகள் 17-ஆம் மீன்வள வலயத்தில் வருகின்றன. பாஸ் மீன் பிடிக்கும் காலம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமைதான் திறக்கும். ஸ்போர்ட் லைசன்ஸில் 6 மீன் வைத்துக்கொள்ளலாம், கொன்சர்வேஷனில் 2. பிக்கரல், அதாவது வோல்ஐ, மே இரண்டாம் சனிக்கிழமையே திறந்துவிடும். ஆனால் 35-க்கும் 50 சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்டதைத்தான் வைத்துக்கொள்ளலாம். அதைவிடச் சிறியதையும் பெரியதையும் விட்டுவிட வேண்டும். பக்கத்திலுள்ள ஸ்குகோக் ஏரியில் பிக்கரல் குறைந்துபோனதால் 2016-இல் அதைப் பிடிப்பதையே மூடிவிட்டார்கள். இந்த விதிகள் வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. போகும் முதல்நாள் மாகாண அரசின் விதிச்சுருக்கத்தைக் கைபேசியில் திறந்து, 17-ஆம் வலயத்தையும் நீங்கள் போகும் ஏரியின் பெயரையும் ஒருமுறை வாசியுங்கள். சில ஏரிகளுக்கு விதிவிலக்கு உண்டு.

இன்னொன்று: வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை என்பது அன்று பிடித்ததற்கு மட்டும் இல்லை. வீட்டு ஃப்ரீசரில் இருப்பதையும் சேர்த்துத்தான் கணக்கு.

என்ன சாமான் வேண்டும்

ஆறரை அடி நீளமான, நடுத்தர வலுவுள்ள ஸ்பின்னிங் தடி ஒன்று. 2500 அளவு ரீல். 8 இறாத்தல் தாங்கும் தங்கூசி (நைலோன் நூல்). இவ்வளவால் சன்ஃபிஷிலிருந்து பாஸ், பிக்கரல் வரை எல்லாம் பிடிக்கலாம். முதல் வருடத்தில் இதற்கு மேல் வாங்காதீர்கள்.

தூண்டில் முள்ளில் 8-ஆம் இலக்கம் ஒரு பாக்கெட், சின்ன ஈயக்குண்டுக்குப் பதில் தகரக் குண்டு, விரல் தடிப்பிலான தக்கை நான்கைந்து. ஈயம் விழுந்த இடத்தில் லூன் பறவை அதைக் கல்லென்று விழுங்கிச் சாகிறது. தகரத்தின் விலை சில சதம்தான் அதிகம். 1/8, 1/4 அவுன்ஸ் ஜிக்குகளும் (தலையில் பாரம் வைத்த முள்), ஐந்து அங்குல மென்ரப்பர் புழு ஒரு பாக்கெட்டும் பாஸுக்கும் பிக்கரலுக்கும். நீண்ட மூக்குள்ள குறடு, அளவுநாடா, ரப்பர் வலை போட்ட கைக்கூடை, போலரைஸ்டு கண்ணாடி. இந்தக் கண்ணாடியை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் மேலுள்ள பளபளப்பை அது எடுத்துவிடும், அடியிலுள்ள கல், செடி, மீன் எல்லாம் தெரியும். தடிக்கு அடுத்தபடி இதற்குத்தான் காசு செலவழிக்க வேண்டும்.

இரைக்கு மண்புழு போதும். பெற்றோல் நிலையங்களில்கூட டசின் கணக்கில் விற்பார்கள். உயிர்மீன் இரையையும் அட்டையையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். 2022-இலிருந்து அவற்றை ஒரு இரை மேலாண்மை வலயத்திலிருந்து (இது மீன்வள வலயம் இல்லை) இன்னொன்றுக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது, வாங்கிய பற்றுச்சீட்டையும் வைத்திருக்க வேண்டி வரும். மண்புழுவிலும் மிஞ்சியதைக் கரையில் கொட்டாதீர்கள். பனிப்பாறை மூடிக்கிடந்த இந்த நிலத்தில் மண்புழு இயற்கையாக இருந்ததில்லை. காட்டுக்குள் போனால் உதிர்ந்த இலைப்படுக்கையைத் தின்று தீர்த்துவிடும். மண்ணோடு வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போடுங்கள்.

ஒருவருக்கு ஒரு தடிதான். இரண்டாவது தடியைக் கல்லில் சாத்தி வைப்பது இந்த ஏரிகளில் குற்றம்.

விடிய: சன்ஃபிஷில் தொடங்குங்கள்

ஜூன் கடைசியில் சூரியன் ஐந்தரை மணியளவில் எழும். அந்த நேரத்துக்கு டொக்கில் (படகுத்துறையில்) நில்லுங்கள். எங்கே எறிவது என்ற கேள்விக்கு ஒரே பதில்: செடி முடிகிற ஓரம். பச்சைச் செடி கரையிலிருந்து தொடர்ந்து வந்து ஓரிடத்தில் நின்று, அதற்கப்பால் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். அந்தக் கோட்டில்தான் மீன் உலாவும். காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற கரை நல்லது. காற்று இரையை அங்கே ஒதுக்கிக் கொண்டுவரும்.

தக்கையிலிருந்து முள்வரை இரண்டரை அடி விடுங்கள். முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஒரு குண்டு. புழுவில் ஒரு அங்குலத் துண்டு கிள்ளி, முள்ளின் நுனி மறையும் அளவுக்குக் கோர்த்தால் போதும். முழுப்புழுவைத் தொங்கவிட்டால் வாலைத் தின்றுவிட்டுப் போய்விடும்.

எறிந்த பிறகு தக்கையைப் பாருங்கள். முதலில் அது மெல்ல நடுங்கும். சுற்றி வளையம் வளையமாகத் தண்ணீர் விரியும். அப்போது இழுக்கக்கூடாது, மீன் முகர்ந்து பார்க்கிற நேரம் அது. பிறகு தக்கை பக்கவாட்டில் நகரத் தொடங்கும், அல்லது ஒரே அமுக்காகத் தாழும். அப்போது மணிக்கட்டை மட்டும் உயர்த்துங்கள். தோளிலிருந்து இழுத்தால் சின்ன வாய் கிழியும்.

வருவது பெரும்பாலும் உள்ளங்கை அளவான பம்ப்கின்சீட் அல்லது புளூகில். இரண்டும் சன்ஃபிஷ் வகைதான். பம்ப்கின்சீட்டின் செவுள் நுனியில் செம்மஞ்சள் பொட்டு இருக்கும், கன்னத்தில் நீலக்கோடுகள் ஓடும், வயிறு மஞ்சளாக இருக்கும். இவ்வளவு நிறமான மீனை நன்னீரில் நான் வேறெங்கும் கண்டதில்லை. முதுகு முள் கூர்மையானது. கையை முதலில் தண்ணீரில் நனைத்து, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக வருடிக்கொண்டே பிடித்தால் முள் படுத்துவிடும். உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் மேல்வழுக்கல் உரிந்து, பிறகு அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த மீனோடு நின்றுவிடலாம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாவது கிடைக்கும். பொரித்தால் சுவையும் நன்றாக இருக்கும்.

கூட்டில் நிற்கும் பாஸ்

நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், மே கடைசியில், ஒரு டொக்கின் ஓரத்தில் சுளகு அளவான வெளிறிய வட்டம் ஒன்றைத் தண்ணீருக்கடியில் கண்டேன். அதன் நடுவில் முழங்கை நீளத்துக்கு ஒரு பாஸ் அசையாமல் நின்றது. புழுவைப் போட்டேன், உடனே கவ்வியது. தூக்கி, படம் எடுத்து, மகிழ்ச்சியோடு தண்ணீரில் விட்டேன். அதெல்லாம் இரண்டு நிமிடம் இருக்கும். விட்ட பிறகு குனிந்து பார்த்தால், அந்த வட்டம் முழுக்கச் சன்ஃபிஷ். இருபது முப்பது இருக்கும். தலைகீழாக நின்று தரையைக் கொத்திக்கொண்டிருந்தன.

பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் சொல்லித்தான் விளங்கியது. அது ஆண்மீன். பாஸில் ஆண்தான் வாலால் தரையைத் துடைத்துக் கூடு செய்யும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை பொரித்து, குஞ்சுகள் கலைந்து போகும்வரை ஆண் சரியாகத் தின்னாமல் காவல் நிற்கும். அது புழுவைக் கவ்வியது பசியால் இல்லை, கூட்டுக்குள் வந்ததை வெளியே எறிய. நம்மூர்க் குளங்களில் விரால் தன் பார்ப்புக் கூட்டத்தைச் சுற்றிக் காத்துத் திரிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பார்ப்போடு திரியும் விராலைப் பிடிக்காதே என்று அம்மம்மா சொல்வார். அதே கதைதான் இங்கேயும், எனக்கு அன்று தெரியவில்லை.

ஜூன் மூன்றாம் சனி என்ற நாளின் அர்த்தம் இதுதான். அதற்கு முன் விட்டுவிடும் எண்ணத்தோடு பாஸைக் குறிவைப்பதும் சட்டப்படி தவறு. தவறுதலாக மாட்டினால் தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள். குளிர் நீண்ட வருடங்களில் காலம் திறந்த பிறகும் சில ஆண்மீன்கள் கூட்டில் நிற்கும். வெளிறிய வட்டமும் அதில் அசையாத மீனும் கண்டால் வேறு பக்கம் எறியுங்கள். ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும்.

பாஸ் திறந்த பிறகு

பெரியவாய்ப் பாஸ் செடிக்குள் வாழும். ரைஸ், பிஜன், செமோங் ஏரிகள் அதற்கு ஏற்றவை. சிறியவாய்ப் பாஸ் கல்லை விரும்பும், அதற்குக் கருங்கல் பாறைகள் உள்ள ஸ்டோனி ஏரி நல்லது. கரையிலிருந்து இரண்டுக்கும் ஒரே உத்தி போதும். மென்ரப்பர் புழுவின் நடுவயிற்றில் முள்ளைக் குறுக்கே குத்துங்கள், குண்டு எதுவும் வேண்டாம். டொக்கின் நிழலிலோ செடியோரத்திலோ எறிந்துவிட்டுச் சும்மா இருங்கள். அது இரண்டு முனையும் துடிக்க மெதுவாக அமிழும். மீன் பெரும்பாலும் அந்த இறக்கத்திலேயே எடுக்கும். தங்கூசி பக்கவாட்டில் நகர்வதைக் கண்டால் தளர்ச்சியைச் சுற்றி எடுத்து, தடியை உயர்த்துங்கள். பாஸ் தண்ணீரை விட்டுப் பாயும். அப்போது தடிநுனியைத் தாழ்த்தி, நூல் தளராமல் வைத்திருக்க வேண்டும். பழகாதவர்கள் மீனை இழப்பது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

பின்னேரம்: பிக்கரல்

சூரியன் ஒன்பது மணியளவில் மறையும். எட்டரையிலிருந்து பத்து மணிவரை பிக்கரலின் நேரம். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது, விளக்கடித்தால் பூனைக்கண் போல் மின்னும். மங்கலில் அதற்குத் தெரியும், சிறுமீனுக்குத் தெரியாது. அந்த வசதியை வைத்துத்தான் இரவில் கரைக்கு வந்து வேட்டையாடும். ஜூனில் மேஃப்ளை பூச்சிகள் கிளம்பும் மாலைகளில் விளக்குக் கம்பம் முழுக்க அவை ஒட்டியிருக்கும். அவற்றின் புழுக்களைத் தின்று மீன் வயிறு நிறைந்திருக்கும் என்பதால் அந்த நாட்களில் பெரிய இரையை எடுக்காது. 1/8 அவுன்ஸ் ஜிக்கில் அரைப்புழுவைக் கோர்த்து, தரையைத் தொடவிட்டு, அரை அடி உயர்த்தி, மீண்டும் விடுங்கள். கடி தட்டுவதுபோல் இருக்காது. ஈரத்துணி ஒன்று நூலில் தொங்குவதுபோல் பாரமாக இருக்கும்.

பல் கூர்மை, செவுள்மூடியும் வெட்டும். வாய்க்குள் விரல் விடாதீர்கள். வாயை மூடிய நிலையில் மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்து, 35-க்கும் 50-க்கும் இடையில் இல்லையென்றால் உடனே விடுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் நூலை வெட்டிவிடுவதுதான் மீனுக்கு நல்லது.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்றாவது ஒருநாள் மஸ்கி என்ற பெரிய வேட்டைமீன் மாட்டலாம். முதலை மூக்கும் மரத்துண்டு போன்ற உடலுமாக இருக்கும். 112 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ள முடியாது, கொன்சர்வேஷன் லைசன்ஸில் ஒன்றுமே வைக்க முடியாது. தண்ணீரிலேயே குறடால் கழற்றி விடுங்கள்.

கரையில் கவனிக்க வேண்டியவை

ஜூன் நடுவரை கறுப்பு ஈ, அதன் பிறகு நுளம்பு. நீளக்கை சட்டை போடுங்கள். புல்லுக்குள் கருங்கால் உண்ணி இருக்கிறது, லைம் நோயைப் பரப்புவது அதுதான். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, தலைமயிர் எல்லாம் பாருங்கள்.

வள்ளங்களை ஏற்றி இறக்கும் பூட்டுவாய்க்கால்களுக்குப் (லொக்) பக்கத்தில் மீன் நிறைய நிற்கும். ஆனால் வள்ளம் போகும் வாய்க்காலின் பாலங்களிலிருந்தும், பூட்டுக்கு மிக அருகிலும் பிடிக்கத் தடை உண்டு. பலகையை வாசியுங்கள். டொக் தனியாருடையதா, ஊருடையதா என்பதையும் பாருங்கள்.

இரவில் டொக்கில் நிற்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2007-இல் ஒன்ராறியோவின் ஏரிக்கரைகளில் ஆசிய வம்சாவளியினரான மீன்பிடிப்பவர்களைத் தாக்கித் தண்ணீரில் தள்ளிய சம்பவங்கள் நடந்தன. ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு அதை விசாரித்து 2008-இல் அறிக்கை வெளியிட்டது. பொது டொக்கில் நிற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள், யாராவது தொந்தரவு செய்தால் வாக்குவாதப்படாமல் பொலிஸை அழையுங்கள். அதேபோல் நம் பக்கத்தில் குப்பை, சத்தம், அளவுக்கு மீறிய வாளிகள் இருக்கக்கூடாது. நூல்துண்டு ஒன்றுகூடக் கரையில் விடாதீர்கள், பறவையின் காலைச் சுற்றிவிடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து

வைத்துக்கொள்ளும் மீனை உடனே ஐஸில் போடுங்கள். வாளித் தண்ணீரில் வெயிலில் கிடந்த மீன்தான் சேற்று மணம் என்று பலர் குறைசொல்லும் மீன். அளவுக் கட்டுப்பாடு உள்ள பிக்கரலை வெட்டாமல் முழுதாகவே கொண்டுவர வேண்டும், வழியில் அதிகாரி அளந்து பார்ப்பார்.

பெரிய வேட்டைமீனில் பாதரசம் அதிகம். எந்த ஏரியில் எந்த மீனை எந்த அளவில் மாதத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் இருக்கும் வீட்டில் அதைக் கட்டாயம் பாருங்கள். சின்ன மீனே என்றும் நல்லது.

சன்ஃபிஷைச் செதில் எடுத்து, தலை நீக்கி, இரண்டு பக்கமும் கீறி, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் தடவி அரைமணித்தியாலம் வைத்துப் பொரியுங்கள். பிக்கரலின் சதைத்துண்டுகளும் அப்படியே. தலையையும் நடுமுள்ளையும் எறியாதீர்கள், சொதிக்கு அவைதான். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டு இரண்டாம் பாலில் தலையை அவியவிட்டு, கண் வெளுத்ததும் முதற்பாலை விடுங்கள். ஒரு நுரை எழும்பியதும் இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிய வேண்டும்.